எத்தினான்

கிருஷ்ணகிரி ஜில்லாவில் கடல் கிடையாது. எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கடலைக் கண்ணால் பார்க்க அரை நாளாவது ஆகும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவனுக்குக் கடற்கொள்ளை வழக்கில் சாட்சி சொல்ல சம்மன் வந்தால் யார் நம்புவார்கள்? அதைக் கொண்டுவந்த கான்ஸ்டபிளே நம்பவில்லை. வாசலில் நின்றபடி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடற்கொள்ளையா, கல் கொள்ளையா? நல்லாப் பாருப்பா. நம்ம பக்கம் கல்லைத்தானே திருடுவாங்க?"

"கடல்தான் சார்," என்றான் முனிவேல்.

"நீ என்னாத்துக்குக் கடலுக்குப் போன?"

"கப்பல்ல ஃபிட்டர் வேலை சார்."

இதற்கு மேல் இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை. ஏழு வருடத்துக்கு முன் ஊர் திரும்பியபோது கேட்டார்கள். திமிங்கிலம் பார்த்தாயா, கொள்ளைக்காரன் ஒற்றைக் கண்ணனா, துப்பாக்கி எவ்வளவு நீளம் என்றெல்லாம் கேட்டார்கள். ஒரு மாதத்தில் ஆசை தீர்ந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. ராகி அறுப்புக்கு ஆள் கிடைக்காத கவலையில் இருப்பவனிடம் போய்க் கடலைப் பற்றி எத்தனை நாள் பேசுவது?

முனிவேலுக்கு இப்போது முப்பத்து நான்கு வயது. சொந்த ஊர் தளிக்கு அந்தப் பக்கம், காட்டை ஒட்டிய ஜவளகிரி. ஐடிஐ முடித்து, எவனோ ஒரு ஏஜெண்டு பேச்சைக் கேட்டுக் கப்பலேறினான். திரும்பி வந்தபின் ஓசூர் சிப்காட்டில் ஒரு பாகங்கள் செய்யும் கம்பெனியில் சேர்ந்து, பத்து அறை கொண்ட லைன் வீட்டில் கடைசி அறையில் குடியிருந்தான். பத்து அறையிலும் ஆள் உண்டு. ஆனால் ஆளுக்கொரு ஷிஃப்ட். பக்கத்து அறைக்காரனின் முகம் அவனுக்கு இன்னும் சரியாகத் தெரியாது. பூட்டுகிற முதுகைத்தான் பார்த்திருக்கிறான். அப்பா அம்மா இல்லை. பெண் பார்க்கப் போன இரண்டு இடத்திலும், கொள்ளைக்காரனிடம் மாட்டிய பையன், ராத்திரியில் கத்துவானாமே என்று விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். அவன் கத்துவதில்லை. கத்தினால்கூடக் கேட்க ஆள் இல்லை.

வருடத்தில் ஒரே ஒரு நாள் அவனுக்கு வீடு என்று ஒன்று இருந்தது. அது பர்கூரில், ஆஞ்சப்பன் வீடு.

ஆஞ்சப்பனும் அவனும் ஒரே கப்பல். ஆஞ்சப்பன் எட்டு வயது மூத்தவர், ஆயில் போடுகிற வேலை. இருபத்தொரு பேர் இருந்த அந்தக் கப்பலில் இந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் ஒரு பாஷை இருந்தது. தமிழ் என்று சொல்லலாம். ஆனால் அதில் கால்வாசி கன்னடமும் கால்வாசி தெலுங்கும் கலந்திருக்கும். மதுரைக்காரக் குக் ஒருவன் இருந்தான். இவர்கள் பேசுவதைக் கேட்டு, "நீங்க ரெண்டு பேரும் எந்த நாட்டுக்காரங்க?" என்று கிண்டல் செய்வான்.

அந்தக் கப்பலைத்தான் ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் ஆறு பேர் ஏணி போட்டு ஏறிப் பிடித்தார்கள். எழுபத்து மூன்று நாள் பிடித்துவைத்திருந்தார்கள். எழுபத்து மூன்றாம் நாள் கடற்படைக் கப்பல் ஒன்று நெருங்கியபோது கொள்ளைக்காரர்களின் தலைவன், கிட்டே வந்தால் என்ன ஆகும் என்று காட்டுவதற்காக ஆஞ்சப்பனைக் கப்பல் ஓரத்துத் தடுப்புக் கம்பி வரை இழுத்துப்போய் நிறுத்திச் சுட்டான். அன்று சாயங்காலமே அந்தத் தலைவனைக் கடற்படை சுட்டுக் கொன்றது. மிச்சம் ஐந்து பேரைப் பிடித்துவந்து, நம் நாட்டு மேற்குக் கரையில் ஒரு துறைமுக நகரத்துச் சிறையில் அடைத்தார்கள். கடற்கொள்ளை, கொலை என்று வழக்கும் போட்டார்கள்.

ஆஞ்சப்பனின் உடல் கிடைக்கவில்லை. வருடா வருடம் அந்தத் தேதியில் முனிவேல் பர்கூருக்கு பஸ் ஏறிவிடுவான். ஆஞ்சப்பனின் மனைவி மேகலா, பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவள், அன்று லீவு போட்டுவிட்டு வீட்டில் சமைப்பாள். படத்துக்கு ஒரு இலை, அவனுக்கு ஒரு இலை. "நல்லா சாப்பிடு முனிவேலு. அவரு கூட இருந்தவன் நீ ஒருத்தன்தான்," என்பாள். அவள் மகள் ஹரிணி சித்தப்பா என்று கூப்பிடுவாள். அந்த ஒரு நாள் சோற்றின் தெம்பில் அவன் மிச்ச நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தான்.

முதல் வருடம் போனபோது மேகலா செய்தித்தாள் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினாள். "பாவி, குண்டடிபட்டுக் கம்பியில தொங்கினு இருந்தவரைக் காலால உதைச்சுத் தள்ளியிருக்கான். நீதான் பாத்தியாமே, போட்டிருக்குது."

முனிவேல் அந்தத் துண்டை வாங்கி இரண்டு தரம் படித்தான். அப்படி அவன் யாரிடமும் சொன்னதில்லை. பேப்பர்காரன் ஏதோ உளறியிருக்கிறான் என்று நினைத்து, "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான்.

உளறியது பேப்பர்காரன் இல்லை என்பது ஒரு மாதம் கழித்துக் கம்பெனியில் தெரிந்தது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து செல்வம் என்று ஒருவன் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஒரு அட்டைப்பெட்டி வழியில் கிடந்தது. முனிவேல் அவனைக் கூப்பிட்டு, "செல்வம், அந்தப் பெட்டிய எத்து," என்றான். செல்வம் இரண்டடி பின்னால் போய் நின்று, விட்டான் ஒரு உதை. பெட்டி உருண்டு போய், உள்ளே இருந்த பாகங்கள் தரை முழுக்கச் சிதறின.

"டேய், என்னடா பண்ற?"

"நீங்கதானண்ணே எத்தச் சொன்னீக? எத்துனேன்!"

"எத்துன்னா தூக்குடா! தூக்கி அந்தாண்ட வை!"

"அப்ப தூக்குன்னு சொல்ல வேண்டியதுதான? எங்க ஊர்ல எத்துன்னா உதைண்ணே."

ஷிஃப்ட் முழுக்கச் சிரித்தது. ஓசூர்க்காரர்கள் விளக்கம் கொடுத்தார்கள். கன்னடத்தில் எத்து என்றால் தூக்கு, தெலுங்கிலும் அதேதான், எங்கள் பக்கம் தமிழிலும் அப்படியே வந்துவிட்டது என்று. முனிவேல் மட்டும் சிரிக்கவில்லை. கீழே உட்கார்ந்து பாகங்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டான்.

துறைமுகத்தில் கரையிறங்கிய மறுநாள் அவனிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். மொழிபெயர்க்க ஒரு ஆள் வந்திருந்தார். செல்வம் மாதிரி தெற்கத்தித் தமிழர், அந்த நகரத்திலேயே பிழைப்பவர். "நெட்டையன் ஆஞ்சப்பண்ணனை எத்தினான். அண்ணன் கடல்ல வுழுந்துட்டாரு," என்று முனிவேல் சொன்னான். அவர் தலையாட்டிவிட்டு இங்கிலீஷில் சொன்னார். அவர்கள் எழுதினார்கள். இவன் கையெழுத்துப் போட்டான். தூக்கினான் என்று சொல்லியிருந்தால் நெட்டையன் தூக்குக் கயிற்றுப் பயத்திலிருந்தே தப்பியிருப்பான். ஜவளகிரி வாய், எத்தினான் என்று சொல்லிவிட்டது.

நெட்டையன் என்பது இவர்கள் வைத்த பெயர். ஐந்து பேரில் உயரமானவன். நல்லவன் என்று சொல்வதற்கில்லை. முனிவேலின் தோளில் துப்பாக்கிக் கட்டையால் இடித்த தழும்பு இன்னும் இருக்கிறது, அது நெட்டையன் வேலைதான். ஆனால் அன்றைக்கு, குண்டு பட்டு ஆஞ்சப்பன் கம்பிக்கு வெளியே சரிந்து ஒரு கையால் அடிக்கம்பியைப் பிடித்துத் தொங்கியபோது, தலைவன் மறுபக்கம் ஓடிவிட்டான். நெட்டையன்தான் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுக் குப்புறப் படுத்து அவர் மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்தான். மற்றவர்கள் தரையில் முகம் புதைத்துக் கிடந்தார்கள். அந்தப் பக்கம் முகம் திருப்பிக் கிடந்தவன் முனிவேல் ஒருவன்தான்.

இவ்வளவுதான் என்றால் சம்மன் வரும்வரை காத்திருந்திருக்க வேண்டாம். ஒரு கடிதம் போட்டிருக்கலாம். ஆறு வருடம் அவன் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தான் என்றால், அந்தக் கதையில் இன்னும் கொஞ்சம் இருந்தது. நெட்டையனால் தனியாக இழுக்க முடியவில்லை. ஆஞ்சப்பன் கனத்த ஆள். நெட்டையன் தலையைத் திருப்பி முனிவேலைப் பார்த்துக் கத்தினான். அவன் பாஷை தெரியாது. ஆனால் அந்த வார்த்தைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. நடுவில் நாலடி தூரம். முனிவேல் எழுந்திருக்கவில்லை. நெட்டையன் இரண்டாவது முறையும் கத்தினான். அப்புறம் கை வழுக்கிவிட்டது.

நெட்டையன் தூக்கினான் என்று சொன்னால், அப்போது நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அடுத்த கேள்வி வரும். உதைத்தான் என்று இருந்தால் அந்தக் கேள்வி வராது. தப்பு அவன் செய்ததில்லை; தப்பாகப் புரிந்துகொண்டவர் வேறொருவர். அதன் நிழலில் ஆறு வருடம் உட்கார்ந்து பர்கூரில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வெட்கம் இல்லாமல் இல்லை. வெட்கத்தோடுதான் சாப்பிட்டான்.

சம்மன் வந்த மூன்றாம் நாள் அரசு வக்கீல் தரப்பிலிருந்து தமிழ் தெரிந்த ஒருவர் போன் செய்தார். "அவ்ளோ தூரம் வர வேண்டாம். ஓசூர் கோர்ட்லயே வீடியோ மூலமா சாட்சி சொல்லலாம். உதைச்சதப் பாத்தேன்னு சொன்னாப் போதும். அஞ்சு நிமிஷ வேலை."

"சொன்னா என்ன சார் ஆவும்?"

"நீங்க ஒருத்தர்தான் கண்ணால பாத்த சாட்சி. அவனுக்குத் தூக்கு கெடைக்கலாம். கொறஞ்சது ஆயுசுக்கும் உள்ள இருப்பான்."

அன்று முழுக்க மெஷின் முன்னால் நின்றுகொண்டு அதையே நினைத்தான். யாரிடமாவது கேட்கலாம் என்றால் யாரிடம் கேட்பது? போனில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். சூப்பர்வைசர், கேஸ்காரன், தண்ணி கேன்காரன், லைன் வீட்டு ஓனர். ஆலோசனை கேட்கிற மாதிரி அவனுக்கு இந்த உலகத்தில் ஒரே பெயர்தான் இருந்தது. மேகலா. விஷயத்தை மட்டும் சொன்னான்.

"நானும் வர்றேன் முனிவேலு," என்றாள் அவள். "அந்த உதைச்சவன் மூஞ்சிய நான் ஒரு தடவை பாக்கணும்."

சாட்சி நாளன்று காலை பத்து மணிக்கே மேகலா கிருஷ்ணகிரி பஸ்ஸில் வந்து ஓசூரில் இறங்கிவிட்டாள். ஆஞ்சப்பன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள். கோர்ட்டுக்கு எதைக் கட்டிக்கொண்டு போவது என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. வீடியோ அறை ஒரு சின்ன அறை. ஒரு டிவி, ஒரு மேஜை, சுவரோரம் ஒரு பெஞ்சு. கோவிந்தன் என்ற கோர்ட் ஊழியர் மைக்கைச் சரிசெய்தார். மேகலா அனுமதி வாங்கிப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

டிவியில் அந்தத் தூரத்துக் கோர்ட் தெரிந்தது. நீதிபதி, வக்கீல்கள், மொழிபெயர்க்க ஒரு அம்மா. கூண்டில் ஐந்து பேர். நெட்டையனை முனிவேலுக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. முடி நரைத்து, கூன் விழுந்து, உயரமே குறைந்துபோயிருந்தான். உறவுக்காரனைப் பார்ப்பதுபோல ஏன் இருக்கிறது என்று முனிவேலுக்கே புரியவில்லை.

சத்தியப் பிரமாணம் முடிந்தது. பெயர், ஊர், கப்பல், நாள் எல்லாம் ஆயிற்று. அரசு வக்கீல் கேட்க, அந்த அம்மா தமிழில் சொன்னார்.

"இரண்டாம் எதிரி ஆஞ்சப்பனை உதைச்சதை நீங்க பாத்தீங்களா?"

இரண்டாம் எதிரி என்பது நெட்டையன். முனிவேல் மைக்கைப் பார்த்தான். ஆமாம் என்பதற்கு மூன்றெழுத்து. இல்லை என்பதற்கும் அதே கணக்குத்தான்.

"இல்லைங்க. உதைக்கல."

டிவியில் எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். படம் நின்றுவிட்டதோ என்று கோவிந்தன் வயரைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அரசு வக்கீல் பழைய வாக்குமூலத்தை எடுத்து ஆட்டினார்.

"உதைச்சான்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. உங்க கையெழுத்து இருக்கு."

"நான் எத்தினான்னு சொன்னேங்க."

"எத்தினான்னா உதைச்சான்தானே?" என்றார் அந்த அம்மா, தானாகவே.

"எங்க பக்கம் எத்தறதுன்னா தூக்கறதுங்க. அவன் அண்ணனைத் தூக்கினான். கையப் புடிச்சி மேல இழுத்தான். உதைக்கல."

பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. முனிவேல் திரும்பவில்லை.

நீதிபதி ஏதோ கேட்டார். அது கோவிந்தனுக்கு. அந்தப் பகுதியில் அப்படி ஒரு பேச்சு வழக்கு உண்டா என்று அந்த அம்மா மொழிபெயர்த்தார். கோவிந்தன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். இருபது வருட சர்வீஸில் தன்னை ஒரு நீதிபதி அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"உண்டுங்கய்யா. கொழந்தை அழுதா, எத்திக்கோன்னுதான் சொல்லுவோம். உதைன்னு அர்த்தம்னா எங்க ஊர்ல ஒரு கொழந்தை மிஞ்சியிருக்காதுங்க."

அதை மொழிபெயர்த்தபோது தூரத்துக் கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. இதற்குத் தனியாக மொழி அறிஞரை வரவழைத்து விசாரிக்கிறேன் என்று எழுதிக்கொண்டார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, எப்படிப் பிடித்தான் என்று காட்டச் சொன்னார். முனிவேல் தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்து மேலே இழுத்துக் காட்டினான். எவ்வளவு நேரம்? நூறு எண்ணுகிற நேரம் இருக்கும். அப்புறம்? கையில் ரத்தம், வழுக்கிவிட்டது. வக்கீலுக்கு அது போதும். நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அரசு வக்கீல் கோபமாக இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏழு வருஷமா இதை ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலைங்க."

அது உண்மைதான். உண்மையிலேயே அதைவிடப் பெரிய பொய் இருக்க முடியாது. முனிவேல் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தான். அந்த நூறு எண்ணுகிற நேரம் நீ எங்கே இருந்தாய்? ஏழு வருடமாக அவன் பயந்த கேள்வி. இப்போது அது வந்தால் தேவலை என்று இருந்தது. நெட்டையன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியும். ஆனால் அவனிடமும் யாரும் கேட்கவில்லை. சாட்சி போகலாம் என்றார்கள். டிவி நீலமாகிவிட்டது.

பஸ் ஸ்டாண்டு வரை மேகலா விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். முனிவேல் இரண்டடி பின்னால் நடந்தான். கிருஷ்ணகிரி பஸ் நின்றுகொண்டிருந்தது, ஆனால் அவள் ஏறவில்லை. திரும்பி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது.

"கண்ண மூடினா எனக்கு ஒரு காலுதான் தெரியும் முனிவேலு. ஏழு வருசமா. அவரு நெஞ்சு மேல ஒரு காலு. ஹரிணிக்கும் அதைத்தான் சொல்லி வளத்தேன்." மூக்கைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "ஒருத்தன் அவரு கையப் புடிச்சிகினு இருந்திருக்கான். யாரா இருந்தா என்னா? அவரு தனியா போகல. அது போதும்டா எனக்கு."

"அண்ணி..."

"அவங்க மெரட்டியும் நீ மாத்திச் சொல்லல. நல்லா இருப்ப. வர்ற மாசம் அவரு நாளுக்கு வந்துடு. ஹரிணிக்கு நீயே உன் வாயால சொல்லு. சித்தப்பா சொன்னா அவ நம்புவா."

இதோடு விட்டிருக்கலாம். கோர்ட் கேட்கவில்லை, சட்டம் கேட்கவில்லை, எதிரில் நிற்கிறவளும் கேட்கவில்லை. வர்ற மாதம் இலை போட்டுச் சோறு காத்திருக்கிறது. அந்தச் சோற்றை இழக்க அவனுக்கு மனமே இல்லை. ஆனால் அவள் கை அவன் மணிக்கட்டில் இருந்தது. அதுவும் வலது மணிக்கட்டு. அவனால் அதைத் தாங்க முடியவில்லை.

"அண்ணி, அந்த நெட்டையன் என்னையும் கூப்ட்டான்."

"எதுக்கு?"

"எத்தறதுக்கு. அவன் ஒருத்தனால முடியல. என்னைப் பாத்து ரெண்டு தடவை கத்தினான். நான் நாலடி தூரத்துல படுத்துகினு இருந்தேன். எந்திரிக்கல."

பின்னால் கண்டக்டர், கிருஷ்ணகிரி, கிருஷ்ணகிரி என்று கத்திக்கொண்டிருந்தார்.

"சுட்டுகினு இருந்தாங்களா அப்ப?"

ஆமா என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டான். "இல்ல அண்ணி. அந்நேரம் யாரும் சுடல. தலைவன் அந்தாண்ட போயிட்டான்."

"அப்புறம் ஏன்?"

"பயம்."

"ரெண்டு பேரும் புடிச்சிருந்தா?"

"ஏறியிருப்பாரு."

அவள் கையை எடுத்துவிட்டாள். உதறவில்லை, சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் எடுத்தாள். பட்டுப்புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு படியில் ஏறினாள். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர ஆரம்பித்த பிறகு ஜன்னல் பக்கம் வந்து குனிந்தாள். முனிவேல் கூடவே நாலு எட்டு ஓடினான்.

"தீர்ப்பு வந்தா எனக்குச் சொல்லு. அந்த ஆளை உட்டாங்களா, இல்லியான்னு எனக்குத் தெரியணும்."

"வந்து சொல்றேன் அண்ணி."

"வராத," என்றாள் மேகலா. "போன்ல சொன்னா போதும்."